கஹ்லாவின் வைக்கோல் கன்று

ஸலாலா, அண்ணன் வீடு
ஜூன் 24

முஸல்லம்,

போனை எடுக்கவில்லை என்று கோபமாக இருப்பாய். இனியும் எடுக்க மாட்டேன். நான் வாயைத் திறந்ததும் நீ ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாய். அந்தப் பக்கம் அத்தை இருமுவது எனக்குக் கேட்கிறது. அத்தைக்கு எழுத்து தெரியாது. அதனால் எழுதுகிறேன். ஒட்டகங்களுக்குத் தீனியாகக் காய்ந்த மத்தி மீன் ஏற்றிவரும் முராத் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். மூட்டை இறக்கும்போது உன் கையில் தருவார். பதிலையும் அவரிடமே கொடு.

நான் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு ஓடிவிட்டதாக அத்தை ஊரெல்லாம் சொல்கிறாளாம். பாதி உண்மை. மீதியைக் கேள். இரண்டு மாதமாக எனக்குச் சாயங்காலம் ஆனால் காய்ச்சல், விடிந்தால் போர்வை நனைந்திருக்கும். "பிள்ளைத்தாச்சிக்கு இதெல்லாம் சகஜம்டி" என்றாள் உன் அம்மா. இங்கே ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். மால்டாக் காய்ச்சலாம். மிருகத்துக்கு வந்தால் கன்று வீசும், நாள் முந்திச் செத்து விழும். மனுஷிக்கு வந்தாலும் கிட்டத்தட்ட அதேதான். பச்சைப் பாலில் வரும், பிரசவ ரத்தத்தில் வரும் என்றார்கள்.

நமக்குப் போன இரண்டு பிள்ளைகளும் ஆறாம் மாதத்தில் போயின. இப்போது ஐந்து நடக்கிறது. இதுவரை எத்தனை தாயத்து கட்டினோம், எத்தனை பேர் கண்ணைப் பழித்தோம். காரணம் நம் பட்டியிலேயே நின்று அசைபோட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சிறுநீர் ஆரஞ்சுச் சாறு மாதிரி போகிறது. முதல் நாள் பார்த்துவிட்டு ரத்தம் என்று நினைத்துக் கத்திவிட்டேன். அண்ணி இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

டாக்டர் ஷம்ஸா என்று ஒரு கால்நடை மருத்துவர், மஸ்கத்துப் பெண். மலை மந்தைகளில் இந்த நோய் எவ்வளவு இருக்கிறது, எப்படி மனிதருக்குத் தாவுகிறது என்று ஆராய்ச்சி செய்கிறார். நம் பட்டிக்கு வருவார். ஒட்டகங்களுக்கும் உனக்கும் அத்தைக்கும் ரத்தம் எடுக்க விடு. எந்த ஒட்டகத்தில் நோய் என்று தெரிந்து அதை ஒதுக்கினால்தான் நான் பிள்ளையோடு அங்கே வர முடியும். வேறு எதுவும் கேட்கவில்லை.

துஃபூல்


சமவெளிப் பட்டி
ஜூலை 3

துஃபூல்,

உன் கடிதம் மத்தி நாற்றத்தோடு வந்தது. நம் கறவை ஒட்டகம் கஹ்லா அதை என் கையிலிருந்து பிடுங்கித் தின்னப் பார்த்தாள். பேசாமல் கொடுத்திருக்கலாம் என்று படித்த பிறகு தோன்றியது.

பள்ளிக்கூடத்தோடு எழுதுவதை விட்டவன் நான். தப்பு இருந்தால் உன் அண்ணியிடம் காட்டிச் சிரிக்காதே.

மலையில் மழை பிடித்துவிட்டது. மந்தையைக் கீழே இறக்கிவிட்டேன். இந்த வருஷம் பட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. பக்கத்து வேலியில் ஒருவன் தும்மினால் நான் "அல்லா கருணை செய்யட்டும்" சொல்ல வேண்டியிருக்கிறது. நாலு பக்கமும் பனிமூட்டம். வேலிக்கு அப்பால் எதுவும் தெரிவதில்லை.

உன் டாக்டரம்மா வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். பெயர் வெளியே வராது என்றார். நான் முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆமிர் கதை உனக்குத் தெரியும். போன வருஷம் அவன் மந்தையில் நாலு கன்று வீசியது. அந்த மடையன் சோதனை செய்து, முடிவை நாலு பேரிடம் சொல்லவும் செய்தான். மறுநாளே தண்ணீர்த் தொட்டியில் அவன் ஒட்டகங்களை விரட்டினார்கள். மழை முடிந்து எல்லா மந்தையும் மலையேறியபோது அவன் மட்டும் இங்கேயே கிடந்தான். அவன் வீட்டுக்கு வருகிறவர்கள் பால் கிண்ணத்தைக் கையில் வாங்கி, வாயில் படாமல் கீழே வைக்கிறார்கள். அதைவிட ஒரு குடும்பத்துக்கு என்ன அவமானம் வேண்டும்? என் தங்கை ஷைகாவுக்கு இப்போதுதான் ஒரு இடம் பேசிவருகிறோம்.

பாலைக் காய்ச்சலாமே என்று டாக்டரம்மா கேட்டார். அம்மா சிரித்தே விட்டாள். "ஒட்டகப் பாலை அடுப்புல வச்சா மடி வத்திப்போகும். இது கூடவா மஸ்கத்துல சொல்லித்தரல?"

மாத்திரையை விடாதே. வயிற்றில் அசைகிறதா என்று எழுது.

முஸல்லம்


ஸலாலா
ஜூலை 12

முஸல்லம்,

அசைகிறது. உன்னைப் போலத்தான், கூப்பிட்டால் அசையாது, விட்டுவிட்டால் உதைக்கும்.

மழை பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் ஸலாலா முழுக்க நிறைந்திருக்கிறார்கள். நான் இந்த மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னலோடு இருக்கிறேன். மாடிப்படி ஏறக் கூடாது என்பதால் இறங்கவும் முடியாது. அண்ணி நல்லவள்தான். ஆனால் நான் குடித்த டம்ளரை மட்டும் தனியாகக் கழுவுகிறாள். இது ஒட்டாது என்று டாக்டர் சொல்லியும் கழுவுகிறாள். ஆமிர் வீட்டுப் பாலைப் பற்றி எழுதினாயே, அது எப்படி இருக்கும் என்று எனக்கு நீ சொல்ல வேண்டியதில்லை.

டாக்டர் ஷம்ஸா நேற்று வந்தார். நீ விரட்டியதைச் சொல்லவில்லை, நல்ல வளர்ப்பு. என்னிடம் நிறைய கேட்டார். பால் கறப்பீர்களா? எங்கள் பக்கம் பெண்கள் கறப்பதில்லை என்றேன். கன்று போடும்போது கை கொடுப்பீர்களா? சில சமயம். அப்புறம், "செத்த கன்றை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்.

சொன்னேன். கஹ்லா கன்று வீசிய அன்று அத்தை அதை என் மடியில் கொண்டுவந்து போட்டாளே. "சூடு ஆறுறதுக்குள்ள உரிச்சிடு. தாய்க்கு வாசம் போயிடக்கூடாது." உரித்தேன். முழங்கை வரை ரத்தம். தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்து, தினமும் அந்தியில் கஹ்லாவின் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் அதை நக்கி நக்கிப் பால் விட்டாள், நீ மறுபக்கம் கறந்தாய். மழைத்தூறல் பட்டால் கெட்டுவிடும் என்று அந்தத் தோலை என் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் தூங்கினேன்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "அப்ப உங்க கையில வெடிப்பு இருந்துச்சா?" என்று கேட்டார். மலைக்காரி கையில் வெடிப்பு இல்லாமல் இருக்குமா?

நோய்க்கு அதைவிட நல்ல வாசல் கிடையாதாம். நாம்தான் கதவைத் திறந்து பக்கத்தில் படுக்கவைத்திருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்கிறேன், கேள். கஹ்லாவுக்கு ஒரு கன்று போனதும் வீடே சேர்ந்து அவளை ஏமாற்றி ஆறுதல் சொன்னோம். எனக்கு இரண்டு போனது. எனக்கு யாரும் எதையும் கொண்டுவந்து வைக்கவில்லை. "ராசியில்லாதவ" என்ற சொல்லை மட்டும்தான் வைத்தார்கள். நீ அதைக் கேட்டுக்கொண்டு ரொட்டி தின்றாய்.

ரத்தம் எடுக்க விடு.

துஃபூல்


பட்டி
ஜூலை 29

துஃபூல்,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். ரொட்டி தின்றது உண்மை.

அந்தத் தோல் இன்னும் இங்கேதான் இருக்கிறது. இப்போது அம்மா பிடிக்கிறாள். அதை எரித்தால் கஹ்லாவுக்குப் பால் நின்றுவிடும். மழைக்காலத்தில் வேறு எவளும் பால் தருவதில்லை. வருகிறவர்களுக்கு எதை ஊற்றுவது?

எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒட்டகத்தின் மேல் ஏற முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. அம்மா உடம்பில் ஏறிய பழைய காற்று என்று சொல்லிக் கம்பியைக் காய்ச்சி மூன்று இடத்தில் சூடு போட்டாள். இடுப்பு வலி போகவில்லை. கவனம் மட்டும் சூட்டுக்குப் போய்விட்டது. குளிரில் வியர்க்கிறது. பனிமூட்டத்தில் யாருக்கும் வியர்த்ததாக நான் கேட்டதில்லை.

இதை உன் அண்ணனிடம் சொல்லாதே.

முஸல்லம்


ஸலாலா
ஆகஸ்ட் 6

கழுதையே,

அது காற்று இல்லை. எனக்கு வந்ததேதான் உனக்கும். சாயங்காலம் குளிர், விடியலில் வியர்வை, இடுப்பு. டாக்டரிடம் உன் பெயர் சொல்லாமல் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே பெயர் தெரிந்துவிட்டது. ஆண்களுக்கு விட்டுவைத்தால் முதுகெலும்பில் உட்காருமாம், வேறு இடத்திலும் வீங்குமாம். எங்கே என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பயந்து நீயே போய்ப் பார்த்துக்கொள்வாய் என்பதால் இவ்வளவோடு விடுகிறேன்.

ஆறாம் மாதத்துக்குள் வந்துவிட்டேன். ராத்திரி விழித்தால் கை தானாகக் கீழே போய்ப் பார்க்கிறது, ஈரமா என்று. எனக்குப் பயமாக இருக்கிறது, முஸல்லம். இதுவும் போனால் நான் மலையேற மாட்டேன். மிரட்டல் இல்லை. என்னால் முடியாது, அவ்வளவுதான்.

துஃபூல்


பட்டி
செப்டம்பர் 4

துஃபூல்,

அம்மா துக்கம் கேட்க மிர்பாத் போயிருந்தாள். அன்று டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். பனி அடர்த்தியாக இருந்தது. பக்கத்து வேலிக்காரன் வண்டிச் சத்தம் கேட்டு யார் என்றான். தீவன வியாபாரி என்றேன். டாக்டரம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

முடிவு வந்துவிட்டது. பத்தொன்பது ஒட்டகத்தில் ஏழுக்கு இருக்கிறது. கஹ்லாவும் அதில் ஒருத்தி. எனக்கும் இருக்கிறது.

யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரையை மத்தி மூட்டைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். அம்மா காலையில் நுரையோடு கிண்ணத்தை நீட்டுகிறாள். வேண்டாம் என்றால் ஏன் என்பாள். அதனால் ஒரு கையால் மாத்திரை, ஒரு கையால் பால். இப்படி ஒரு வைத்தியம் உலகத்தில் எவனும் செய்திருக்க மாட்டான். சிரிக்க வேண்டாம். வேலி அடைத்திருப்பது ஒட்டகத்துக்கு என்று நினைத்திருந்தேன். காலையில் எழுந்ததும் யாருக்கு என்று தெரிகிறது.

தும்ரைத் பக்கத்திலிருந்து ஒருவன் வந்தான். கஹ்லாவையும் மற்ற ஆறையும் விலைக்குக் கேட்டான். கொடுத்துவிட்டால் எல்லாம் முடியும். நோயும் போகும், பெயரும் நிற்கும், ஷைகா கல்யாணமும் நடக்கும். நாளைக்குப் பதில் சொல்கிறேன் என்றேன். நாளைக்கு நாளைக்கு என்று நாலு நாள் ஆகிவிட்டது. அவன் விலையைக் கூட்டிக்கொண்டே போகிறான். நான் பேரம் பேசுகிறேன் என்று நினைக்கிறான்.

ஆறாம் மாதம் தாண்டிவிட்டதா? தாண்டியிருந்தால் ஒரு வரி போதும்.

முஸல்லம்


ஸலாலா
செப்டம்பர் 9

முஸல்லம்,

தாண்டிவிட்டது.

விற்காதே. அவன் வீட்டிலும் ஒருத்தி இருப்பாள். கஹ்லா அங்கே போய்க் கன்று வீசுவாள், அந்த வீட்டு அத்தை அதைக் கொண்டுவந்து அவள் மடியில் போடுவாள். எனக்கு அவள் முகம்கூடத் தெரிகிறது.

அத்தையிடம் சொல்லிவிடு. நான் பிரசவ நாளை நினைத்துத்தான் நடுங்குகிறேன். தகப்பனைப் பெற்றவள் மந்தைப் பாலைத் தொட்டுப் பிள்ளை நாக்கில் முதலில் வைப்பது நம் வழக்கம். உன் அம்மா அதற்காகவே உயிரோடிருக்கிறாள். வருவாள், கஹ்லாவின் பாலோடுதான் வருவாள், பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வருவாள். மருந்து தின்று தின்று நான் இதைக் காப்பாற்றிக்கொண்டு வந்தது எல்லாம் ஒரு விரல் நுனியில் போய்விடும். நான் படுத்துக் கிடப்பேன். எழுந்து தடுக்க முடியாது.

அதற்கு முன் நீ சொல்லணும். எத்தனை பேர் முன்னால் சொல்கிறாய் என்பது உன் பாடு.

துஃபூல்


ஸலாலா
அக்டோபர் 30

முஸல்லம்,

பிள்ளை பிறந்ததும் ஆஸ்பத்திரியில் உன்னிடம் பேச வாய்க்கவில்லை, உன் மாமாக்களுக்குப் பின்னால் நீயும் அத்தையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாய். ஆகவே மறுபடி முராத் அண்ணன்.

நீ அதற்குள் சொல்லியிருப்பாய் என்று நம்பினேன். ஐம்பது நாள் இருந்தது உனக்கு. அத்தை பிளாஸ்கோடு வார்டுக்குள் நுழைந்ததும் நீ சொல்லவில்லை என்று தெரிந்துவிட்டது. நீ கதவோரம் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன்னை அந்த நிமிஷம் நான் வெறுத்தேன். இதை எழுதாமல் விட்டால் இதற்கு மேல் எழுதுவதும் பொய்யாகிவிடும்.

அத்தை மூடியைத் திறந்து விரலை நனைத்தாள். நான் பிள்ளையை நெஞ்சோடு கவிழ்த்துக்கொண்டேன். "என் வீட்டுப் பால் உனக்கு விஷமாடி?" என்றாள். உன் பெரிய மாமா, "பெரியவங்க கையைத் தட்டாத, துஃபூல்" என்றார். எனக்குத் தையல் பிரிகிற மாதிரி வலி.

அப்போதுதான் நீ வந்தாய். பெற்றவள் கையிலிருந்து பிளாஸ்கைப் பிடுங்கிக் கைகழுவும் தொட்டியில் கவிழ்த்தாய். பாலைக் கீழே ஊற்றிய ஆண்பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை. அங்கிருந்த யாருமே பார்த்ததில்லை. "ஆமாம்மா. விஷம்தான். நம்ம மந்தைக்கு நோய். எனக்கும் இருக்கு. போன ரெண்டு பிள்ளையும் இதுலதான் போச்சு. இவமேல தப்பு இல்ல." மாமாக்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். போகும்போது கதவுப் பிடியைக்கூடத் தொடவில்லை.

பிள்ளைக்கு ரத்தம் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. நாள் முந்திப் பிறந்ததால் எடை குறைவு, மற்றபடி தொண்டை உன் அம்மாவுடையது. மியாஸா என்று பெயர் வைத்திருக்கிறேன்.

உன்னை வெறுத்த நிமிஷம் போய்விட்டது என்றும் எழுதிவிடுகிறேன்.

துஃபூல்


பட்டி
நவம்பர் 9

துஃபூல்,

மந்தைகள் மலையேறி நாளாகிவிட்டது. நாங்கள் மட்டும் கீழே இருக்கிறோம். நேற்று ஆமிர் வந்தான். என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போனான். ஷைகாவைக் கேட்டவர்கள் இப்போது யோசிக்கிறார்களாம். அவள் என்னிடம், "யோசிக்கட்டும், நானும் யோசிக்கிறேன்" என்றாள். நோயுள்ள ஏழு ஒட்டகத்தையும் தனி வேலிக்கு மாற்றிவிட்டேன். அறுப்புக்குக் கொண்டுபோக வண்டி வரும். கஹ்லா வேலிக்கு மேலே தலையை நீட்டி, தோல் இருந்த மூலையைப் பார்த்துக் கத்துகிறாள். தோலை எரித்துவிட்டேன்.

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. சமைத்தாள், தொழுதாள், படுத்தாள். என்னைத் திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும். நேற்று அந்தியில் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"உனக்கும் ஷைகாவுக்கும் நடுவுல எனக்கு நாலு போச்சு, தெரியுமில்ல?"

"தெரியும்மா."

"எல்லாம் வயித்துல உதைக்க ஆரம்பிச்ச பிறகு. ஒண்ணுக்கு விரல் நகம் வரைக்கும் வந்திருந்துச்சு." தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். "பக்கத்துக் கூடாரத்து ஹஸீனா கண்ணு வச்சான்னு நினைச்சேன். முப்பது வருஷம் அவகூட பேசல. அவ செத்தப்பக்கூட போகல. அவ மக வாசல்ல வந்து கூப்பிட்டா, போகல."

தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்தாள்.

"அந்தக் காலத்துல கன்னுத்தோல் நான்தான் அடைப்பேன். எங்க மாமியார் சொல்லிக்குடுத்தா. நல்லா செய்யறேன்னு மத்த பட்டிக்காரங்களும் என்னைத்தான் கூப்பிடுவாங்க." அப்புறம் என் கையைப் பிடித்தாள். "அந்த டாக்டர்கிட்ட கேட்டு துஃபூலை எழுதச் சொல்லு. என் நாலும் அதனாலதானா? இல்லைன்னா இல்லைன்னு எழுதட்டும். அவ எழுதினா நான் நம்புவேன். அவ எனக்காகப் பொய் சொல்றவ இல்ல."

எழுது, துஃபூல். நான் வாசித்துக் காட்ட வேண்டும்.

முஸல்லம்


ஸலாலா
நவம்பர் 14

முஸல்லம்,

கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். அவளை எத்தனையோ முறை மனசுக்குள் சபித்திருக்கிறேன். இந்தக் கேள்வி அவள் வாயிலிருந்து வர வேண்டும் என்றுதான் சபித்தேன். வந்துவிட்டது. எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

டாக்டர் ஷம்ஸாவிடம் கேட்டேன். அந்தக் காலத்து ரத்தம் யாரிடமும் இல்லை. பிள்ளை போவதற்கு நூறு காரணம் இருக்கிறது. இனி யாராலும் சொல்ல முடியாது என்றார். இது பொய் இல்லை. இதை அப்படியே வாசித்துக் காட்டு. எனக்கு என்ன தோன்றுகிறது என்று அத்தை கேட்டால், அவர் டாக்டர், நான் இல்லை என்று துஃபூல் எழுதியிருக்கிறாள் என்று சொல். உனக்குத் தோன்றுவதையும் நீயே வைத்துக்கொள்.

நான் எப்போது வருவேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காததற்கு நன்றி. எனக்கே தெரியாது. மற்ற ஒட்டகங்களுக்கு மறு சோதனை ஆகட்டும், உன் மாத்திரை முடியட்டும். அதுவரை இந்த ஜன்னல்தான். இப்போது இதன் முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறோம்.

இனி நான் எழுதுவதை அத்தைக்குச் சத்தமாக வாசி.

அத்தை, பால் கொட்டிய அன்று நின்றுபோன சடங்கு இன்னும் நின்றபடியே இருக்கிறது. மியாஸா நாக்கில் இதுவரை யாரும் எதையும் வைக்கவில்லை. அண்ணி வைக்கிறேன் என்றாள், என் அம்மாவும் கேட்டாள். அது உங்கள் உரிமை என்று சொல்லிவிட்டேன். பேத்தியைப் பார்க்க வெறுங்கையோடு எப்படிப் போவது என்று தயங்காதீர்கள். வெறுங்கையோடுதான் வர வேண்டும். பாலுக்குப் பதில் நாக்கில் வைக்கப் பேரீச்சம்பழம் இங்கே இருக்கிறது. சோப்பும் இருக்கிறது. முழங்கை வரை கழுவிவிட்டு நீங்களே வையுங்கள்.

துஃபூல்